உம்மா கேட்ட கேள்வி

உயிரியற் பிரிவில் படிக்கிறேன் என்று சொன்னதும் யாரும் கேட்பது, "டொக்டராகப் போறீங்களா மகள்?" என்பதுதான். இல்லை, பயிர்ப் பூச்சிகளை ஆராயப் போகிறேன் என்றால் முகம் மாறிவிடும். உம்மாவும் கேட்டார்: "பூச்சி பிடிக்கவா இவ்வளவு ரியூசன் காசு?"

வாப்பா சிரிக்கவில்லை. படுவான்கரையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வேளாண்மை. போன பெரும்போகத்தில், கதிர் வந்த நேரம், வயலின் நடுவே வட்டம் வட்டமாக நெருப்புப் பட்டதுபோல் காய்ந்தது. கபிலநிறத் தத்தி. அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும் பூச்சி. கடையில் தந்த மருந்தை வாப்பா இரண்டு தடவை அடித்தார். தத்தி கூடியதே தவிர குறையவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. மருந்துக்கு முதலில் சாவது தத்தியைத் தின்னும் சிலந்திகள். தத்தியின் முட்டையோ இலைமடலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பொரித்து வரும்போது எதிரி இல்லை. இதை அறிந்துதான் இந்தோனேசியா 1986 இல் நெல்லுக்கு அடிக்கும் 57 நாசினிகளைத் தடைசெய்தது. இன்னொன்று: தத்தியைத் தாங்கும் பரம்பரையலகு நமது பழைய நெல்லினமான ரத்து ஹீனட்டியில் இருக்கிறது. அது ஒன்றல்ல, அருகருகே உள்ள மூன்று என்று 2015 இல் காட்டியவர்கள் சீன ஆய்வாளர்கள். நெல் நம்முடையது, கண்டுபிடிப்பு அவர்களுடையது. எனக்குப் பொறாமைதான்.

மாட்டுக் கொள்ளைநோயை மூத்தவாப்பா இன்னும் மறக்கவில்லை. 1987 இல் இந்தியப் படையினருடன் வந்த ஆடுகளால் அந்த வைரசு இலங்கைக்குள் மீண்டும் நுழைந்தது. 1994 க்குப் பிறகு இங்கே அது இல்லை. 2011 இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த நோய் அதுதான். அதற்குரிய தடுப்பூசியைக் கென்யாவில் உருவாக்கிய வோல்டர் ப்ளோரைட் ஒரு மிருக வைத்தியர்.

டொக்டர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் உறைப்பும்தான் காரணம் என்று உலகம் நம்பியிருந்தபோது, பக்டீரியாவைத் தானே குடித்துப் பார்த்த பரி மார்ஷல் ஒரு டொக்டர்தான். 2005 இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அவர் மருந்துத் துண்டு எழுதுவதோடு நிற்கவில்லை, ஆராய்ந்தார். (நான் எதையும் குடிக்க மாட்டேன் என்று உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

ஏறாவூரிலிருந்து வந்தாறுமூலை எவ்வளவு தூரம்? அங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது. நாமோ மருத்துவம் தவறினால் போகும் இடமாக அதை நினைக்கிறோம். வாவியைச் சுற்றி வயலும் மாடும் மீனும்தான் சோறு போடுகின்றன. அவற்றின் நோயைப் படிப்பது எப்படி இரண்டாந்தரமாகும்? "பொம்புளப் புள்ள வயலுக்குள்ள இறங்குறதா" என்பவர்கள், புல் பிடுங்கும் பெண்களைக் கண்டதே இல்லையா?

போன கிழமை வாப்பா ஒரு போத்தலில் பத்துப் பதினைந்து தத்திகளைப் பிடித்து வந்தார். குசினிக்குள் வைக்கக்கூடாது என்று உம்மா சொல்லிவிட்டார். இப்போது அது என் மேசையில், விலங்கியல் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.