ஒற்றைக்காலில் நிற்கும் தியேட்டர்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். தங்கள் நேரம் அருமையானது என்று அறிவேன். திறந்து வைக்க வேண்டிய கட்டடங்களே எத்தனை! புதிய வார்டு, புதிய அறுவை அரங்கு, அரங்குக்குள் கண்கூசும் விளக்கு என்று நாளிதழில் படம் வரும்போதெல்லாம் மனமாரக் கைதட்டியவன் நான். தாங்கள் பதவிக்கு வரும் முன்பே, தங்கள் நாற்காலியில் இருந்தவர்களுக்கும் தட்டியிருக்கிறேன். கை வலிக்கத் தொடங்கியிருப்பது வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருநாளில் என் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. சிசேரியன் செய்தே ஆக வேண்டும் என்றார் மகப்பேறு டாக்டர். தியேட்டர் தயார், ரத்தம் தயார், நர்ஸ் தயார். மயக்க டாக்டர் மட்டும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மருத்துவமனையில், இன்னொரு பெண்ணின் தலைமாட்டில் இருந்தார். என் மகளை 108-ல் ஏற்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் நலம். பிறகொரு நாள் அந்த மயக்க டாக்டரையே சந்தித்தேன். "நான் ஒருத்திதான் அண்ணாச்சி. நான் லீவு போட்டா அன்னைக்குத் தியேட்டருக்கே லீவு" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

மகப்பேறு டாக்டர், குழந்தை டாக்டர், மயக்க டாக்டர் மூவரும் இரவு பகலாக இருந்தால்தான் அவசரப் பிரசவ மையம் முழுமை பெறும். இது தங்கள் துறைக்குத் தெரியாததல்ல. ஒருவர் குறைந்தாலும் மற்ற இருவர் கையும் கட்டுண்டு போகும். அந்த மூன்றாமவர் ஏன் நிலைக்க மாட்டேன் என்கிறார்? தனியார் மருத்துவமனைக்காரர்கள் கேஸுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துக் காரும் அனுப்புகிறார்கள். அரசு என்ன கொடுத்தது? 2009 அக்டோபரில் ஊதிய உயர்வுக்கான அரசாணை 354 கொடுத்தது. ஆணை எண்ணைத் தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். மத்திய அரசு டாக்டர் 13 ஆண்டில் எட்டும் ஊதியப் படிநிலையை, அந்த ஆணைப்படி நம் டாக்டர் 20 ஆண்டில் எட்டுகிறார். இதைச் சீர்செய்யக் கேட்டு 2019 அக்டோபர் 25 முதல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேசலாம் என்ற நம்பிக்கையில் நவம்பர் 1 அன்று பணிக்குத் திரும்பினார்கள். பரிசாகக் குறிப்பாணையும் இடமாற்றமும் வந்தன. போராட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் காலமானார். அடுத்த சில வாரங்களில் கொரோனா வந்தது. மூச்சு முட்டியவர்களின் தொண்டைக்குள் குழாய் செருக, நோயாளியின் மூச்சுக்கு மிக அருகில் முகத்தை வைத்து நின்றவர்களில் மயக்க டாக்டர்களே முதல் வரிசை. அவர்களை முன்களப் பணியாளர் என்று வாழ்த்தினோம். வாழ்த்துக்கு நிதித்துறை ஒப்புதல் தேவைப்படவில்லை போலும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவருக்குச் சில மாதம் பயிற்சி தந்து மயக்க மருந்து கொடுக்க வைக்கும் திட்டமும் நாட்டில் உண்டு. ஆபத்துக்கு அது உதவியதை மறுக்க மாட்டேன். மூன்றாண்டு எம்.டி. படிப்புக்கு ஈடாக அதையே நிரந்தரமாக்கிக்கொள்வது, ஓட்டுநர் இல்லாத பேருந்தை நடத்துநரை ஓட்டச் சொல்வதுதான்.

மயக்க டாக்டருக்குத் துணைநிற்பவர்கள் நிலையும் வேறல்ல. என் பழைய மாணவன் ஒருவன் மயக்க மருந்துத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தனியார் தியேட்டரில் வேலை பார்க்கிறான். அவன் சம்பளத்தை இங்கே எழுதினால் தாங்கள் அச்சுப்பிழை என்று நினைக்கக்கூடும். இவனைப் போன்றவர்களையும் சேர்த்து முறைப்படுத்தும் சட்டத்தை 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆறு மாதத்துக்குள் மாநில மன்றம் அமைய வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்கு அக்டோபர் 12 என்று கெடு வைக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதம் என்பதை நாங்கள்தான் தவறாகக் கணக்கிட்டுவிட்டோம் போல.

அரியும் அரனும் ஓருருவாகக் காட்சி தர வேண்டி எங்கள் கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்த ஊர் இது. அவளுக்குக் காட்சி கிடைத்துவிட்டது. பணியிடமும் ஆளும் ஓருருவாகத் தெரிய வேண்டி நாங்கள் நிற்கும் தவத்துக்கு எத்தனை ஆடி ஆகும் என்று தங்கள் செயலகம் சொன்னால், காலை மாற்றி ஊன்றிக்கொள்ள வசதியாக இருக்கும்.

அக்டோபர் 16 உலக மயக்கவியல் நாள். தாங்கள் வாழ்த்துச் செய்தி வெளியிடுவீர்கள், படிப்பேன். என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐப்பசியில் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். அன்றைக்கு மயக்க டாக்டர் எந்த ஊரில் இருப்பார் என்று இப்போதே விசாரித்துச் சொல்லிவிட்டால், நேரே அந்த ஊருக்கே அழைத்துப் போய்விடுகிறோம்.