தூரமும் கடைத்தெருவும்

விடுமுறை நாட்களின் விடியற்பொழுதில், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தரங்கம்பாடிப் பக்கமிருந்து வந்து, காரைக்காலைக் கடந்து, நாகூர் நோக்கிச் செல்லும் நெடுந்தூரச் சைக்கிள்காரர்களை இக்காலத்தில் அவ்வப்போது காணலாம். பரிசு என்று ஒன்றும் இல்லாமல், முதல்வன் கடையன் என்ற பேதமும் இல்லாமல், குறித்த தூரத்தைக் குறித்த நேரத்திற்குள் தம் கால்பலத்தைக் கொண்டே கடந்துவிட வேண்டும் என்ற சங்கற்பம் ஒன்றையே துணையாகக் கொண்டு புறப்படுகிறவர்கள் இவர்களில் பலர். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40 என்பது கணக்கு. பின்னால் உதவிக்கு வண்டி வரலாகாது. பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். மழையானாலும் எதிர்க்காற்றானாலும் கடிகாரம் நிற்காது.

இந்த விரதத்தின் பிறப்பிடம் பிரான்ஸ் தேசம். 1891-இல் பியேர் ழிஃபார் என்ற பத்திரிகாசிரியர், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் என்னும் கடற்கரை நகரத்திற்குச் சென்று திரும்பும் ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் ஓட்டமொன்றை ஏற்பாடு செய்தார். ஷார்ல் தெரோன் என்பவர் மூன்று நாளுக்குள் அதை முடித்து வென்றார். அன்று பந்தயமாக இருந்தது காலப்போக்கில் பந்தயத் தன்மையை உதறிவிட்டு, நான்காண்டுக்கு ஒருமுறை 90 மணி நேரத்திற்குள் நிறைவேற்ற வேண்டிய ஒரு யாத்திரையாகவே மாறிவிட்டது. அந்த 1891-இல் நம் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. அந்த ஆட்சி 1954 வரை இங்கே நீடித்தும், இந்த நல்ல வழக்கம் மட்டும் அதனோடு கப்பலேறி வராமல், ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாமதித்து, சென்னை பெங்களூர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நெடுந்தூரச் சைக்கிளை உடற்பயிற்சி என்பதற்கும் மேலாக, பூமியை நோகடிக்காமல் வாழும் ஒரு தர்மம் என்றே அதன் அன்பர்கள் சொல்லக் கேட்கிறோம். சொல்லட்டும், அதில் பொய்யில்லை. ஆயினும், சைக்கிளைக் காரின் முதுகில் ஏற்றிப் புறப்படும் இடத்திற்குக் கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து 200 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, மறுபடி காரிலேயே வீடு திரும்புகிறவரும், பாரிஸில் 1200 கிலோமீட்டர் ஓட்டுவதற்காக ஆகாய விமானத்தில் கண்டம் தாண்டிப் போகிறவரும் அந்தத் தர்மத்தின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பரிகாசத்திற்காகக் கேட்கவில்லை. பிரயாணத்தின் தூரத்தைக் கொண்டு தர்மத்தை அளப்பது சரிதானா என்பதே நம் சந்தேகம்.

அதை அளக்க வேறொரு கோல் உண்டு. தஞ்சையில் 1892-இல் பிறந்தவரும், காந்தியடிகளின் கிராமப் பொருளாதாரத்திற்குச் சாஸ்திர வடிவம் தந்தவருமான ஜே. சி. குமரப்பா, சுதந்திரப் போராட்டச் சிறைவாசத்தில் எழுதி 1945-இல் வெளியிட்ட நூலில், உலகத்துச் செல்வங்களை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஆற்றுநீரையும் விளைச்சலையும் போல ஓடிவந்துகொண்டே இருப்பவை ஒரு வகை. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் போலத் தேங்கியிருந்து, எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிறவை மற்றொரு வகை. தீரும் பொருளை நம்பி வாழும் சமூகம், அது உள்ள இடத்தைத் தேடிப்போய்ச் சண்டையிடவே நேரும் என்பது அவர் தீர்க்கமாகக் கண்ட உண்மை. இவ்விரண்டும் ஒரே மண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதை நேரில் பார்க்க விரும்புகிறவர் நம் பக்கத்துக்கு வந்தால் போதும். மேலே, காவிரியின் கடைமடையில், காரைக்காலை உள்ளடக்கிய புதுவை ஆட்சிப்பகுதிக்கென்று நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் வகுத்த 7 டி.எம்.சி. தண்ணீரை எதிர்பார்த்து நாற்று விடும் வயல். கீழே, நரிமணத்திலும் சுற்றுவட்டத்திலும் எண்ணெய்க் கிணறுகள் உறிஞ்சும் கச்சா எண்ணெய். பனங்குடியில் 1993 முதல் இயங்கிய சுத்திகரிப்பு ஆலையைத் தொடர்ந்து, ஆண்டுக்கு 90 லட்சம் டன் கொள்ளளவுள்ள புதிய ஆலைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அதற்காக விளைநிலங்களும் எடுக்கப்பட்டன. சைக்கிள்காரனின் எரிபொருளோ இந்த வருஷத்து நெல். அவன் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து உண்கிறான். நாம் எல்லோரும் அதன் அடிவயிற்றிலிருந்து எடுத்து ஓட்டுகிறோம்.

அதிலும் நமக்கு ஒரு விசேஷச் சலுகை உண்டு. புதுவை ஆட்சிப்பகுதியில் பெட்ரோல் மீதான வரி தமிழ்நாட்டைவிடக் குறைவாதலால், எல்லைக்கு அப்பாலிருந்தும் வண்டிகள் வந்து இங்கே நிரப்பிக்கொண்டு போகின்றன. மலிவாகக் கிடைப்பதைச் சிக்கனமாகச் செலவிடுவது மனித சுபாவம் அன்று. பால் வாங்கவும் பைக், பக்கத்துத் தெருவுக்கும் பைக் என்றாகிவிட்டது. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத சமதரை, எந்தக் கிராமத்திலிருந்து புறப்பட்டாலும் காரைக்கால் கடைத்தெருவை ஏறக்குறைய ஒரு மணி நேரச் சைக்கிளில் எட்டிவிடக்கூடிய சிறிய மாவட்டம், இங்கேயே இப்படி.

நெடுந்தூரம் சைக்கிளில் போவது இந்த நாட்டிற்குப் புதிதுமன்று. கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கரையேறும் மீனைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஐஸ் உருகுவதற்குள் உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்றவர்களுக்குக் கடிகாரம் வைத்துச் சான்றிதழ் கொடுத்தவர் எவருமில்லை. மாறாக, சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்காதவனையும், இருட்டில் விளக்கின்றிப் போனவனையும், இருவராக ஏறிப் போனவனையும் மடக்கிப் பிடித்து அபராதம் போடுவதே அந்நாளைய சர்க்கார் சைக்கிளுக்குக் காட்டிய மரியாதை.

புதுக்கோட்டையில் நடந்தது இதற்கெல்லாம் மேலான கதை. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு புகட்ட வந்த அறிவொளி இயக்கம் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தது. கல்லுடைக்கும் பெண்களும், வயல் வேலைக்காரிகளும், கிராமச் செவிலியரும், அதுவரை ஏறினால் ஊர் சிரிக்கும் என்று அஞ்சியிருந்த வண்டியில் ஏறினார்கள். பெண்களுக்கான சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அங்கே சென்று பார்த்த பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் பிள்ளையையும் சுமந்துகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல், தகப்பனையோ கணவனையோ கெஞ்சாமல் அவர்கள் கடந்த ஐந்து பத்து கிலோமீட்டர்கள், நம் மதிப்பில், பாரிஸ்–பிரெஸ்ட் பாதையைவிட நீளமானவை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரர்களை நாம் குறைவாக நினைக்கவில்லை. அவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறதென்று மட்டும் நினைக்கிறோம். 200 கிலோமீட்டர் போகத் தெரிந்தவருக்கு, ஐந்து கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வேண்டும் என்று சொல்ல வாய் இராது. சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும், லாரி உரசிப்போகும் ஒவ்வொரு திருப்பத்தையும் உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்குவழிச் சாலை அமைகிறது. அதில் வேகத்திற்கு இடம் இருக்கிறது, சீருடையோடு பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கு இடம் எங்கே என்று கேட்கத் தகுதியுள்ள சாட்சிகள் அவர்களைவிட வேறெவர்?

நண்பர்களே, அடுத்த நெடும்பயணத்தில் நீங்கள் கண்ட ஆபத்தான இடங்களைக் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்குத் தனித்தடமும், பாலங்களில் தடுப்பிட்ட ஓரமும் கேட்டு மனு எழுதுங்கள். நம் பக்கத்தில் இந்தச் சாலை மூன்று மாவட்டங்களையும் இரண்டு அரசாங்கங்களையும் தொட்டுச் செல்வதால், மயிலாடுதுறை, காரைக்கால், நாகப்பட்டினம் ஆட்சியர்கள் மூவருக்கும், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திற்கும் தனித்தனிப் பிரதி அனுப்ப வேண்டும். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பினால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.