முதுகுவலிக்குத் தேவை நேரம். அதை யார் தருவது?

மேனாம்பேட்டிலும் அதையொட்டிய கருக்கு, பட்டரவாக்கம், அம்பத்தூர் எஸ்டேட் பகுதிகளிலும் லேத், பிரஸ், தையல் மெஷின், கணினி என்று ஏதோ ஒன்றின் முன்னால் ஷிப்டு முழுக்க நிற்பவர்களுக்கும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இடுப்பு வலி பழகிப்போன விஷயம். முதலில் மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் பெல்ட். மூன்று மாதமாகியும் விடவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ‘ஜவ்வு விலகியிருக்கு’ என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டால் கூடவே ஆபரேஷன் பயமும் வந்துவிடும். ஆபரேஷன் வேண்டாம் என்பவர்கள் பத்து நாள் கரன்ட் வைத்து, இழுவை போட்டு, மாத்திரைச் சீட்டோடு வேலைக்குத் திரும்புவார்கள். அறுவை இல்லாத சிகிச்சை என்று நம் ஊரில் பெரும்பாலானோர் அறிந்திருப்பது இதைத்தான். இவற்றில் பாதிக்கு மேல் நாட்பட்ட இடுப்பு வலிக்குப் பயன் தராதவை. பயன் தரும் சிகிச்சை எளியது, செலவும் குறைவு. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்க நம் மருத்துவக் காப்பீடும் தொழிற்கூடங்களும் இன்னும் முன்வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உலகில் 2020-இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050-இல் இது 84.3 கோடியாகும் என்பது மதிப்பீடு. நாட்பட்ட வலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, புற்றுநோய், கிருமித் தொற்று என்று சுட்டிக்காட்டத்தக்க தனி நோய் எதுவும் இருப்பதில்லை. இவர்களுக்கு அந்த வழிகாட்டி பரிந்துரைப்பவை: வலியைப் பற்றிய தெளிவான விளக்கம், முறையான உடற்பயிற்சி, மசாஜ் போன்ற கைவழிச் சிகிச்சைகள், அக்குபங்சர், பயத்தையும் மனச்சோர்வையும் கையாளும் உளவியல் உதவி, தேவைப்பட்டால் அழற்சி தணிக்கும் வலி மாத்திரைகள். வழக்கமாகத் தரவேண்டாம் என்று அது சொல்பவற்றில் இடுப்பு பெல்ட், இழுவை, கரன்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, ஓபியாய்டு மருந்துகள் எல்லாம் அடக்கம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2016-லேயே பெல்ட், இழுவை, கரன்ட், அல்ட்ராசவுண்ட் நான்கையும் ஒதுக்கிவிட்டது. நம் தெருமுனை கிளினிக்குகளில் அதிகம் நடப்பவை எவையோ, அவையே இந்த ஒதுக்கல் பட்டியலில் இருக்கின்றன.

‘ஸ்கேன் எடுக்காமல் உள்ளே என்ன கோளாறு என்று எப்படித் தெரியும்?’ என்பது நியாயமான கேள்வி. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தால் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’, ‘டீஜெனரேட்டிவ் மாற்றங்கள்’ என்று இருக்கும். படிப்பவருக்கு முதுகெலும்பே தேய்ந்து உதிர்வதுபோல் திகிலாக இருக்கும். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015-இல் வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. நாற்பது வயதில் அது 68 சதவீதம். அதே வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கியும் இருந்தது. இவர்கள் யாருக்கும் முதுகுவலி கிடையாது. தலை நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றத்தை நோயென்று சொல்லிவிட்டால், நோயாளி குனியப் பயப்படுவார், நடக்கப் பயப்படுவார்; தசை தளரும், வலி கூடும். ஸ்கேன் கட்டாயம் தேவைப்படும் நிலைகளும் உண்டு. சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகிய மூன்றும் அவசர நிலை. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவையும் எச்சரிக்கை அடையாளங்களே. முதுகெலும்பில் காசநோய் வருவது இந்தியாவில் அரிதில்லை, அதைத் தவறவிடக்கூடாது. இவை எதுவும் இல்லாதவருக்கு எடுக்கிற ஸ்கேன் பெரும்பாலும் சிகிச்சையை மாற்றுவதில்லை.

அறுவை சிகிச்சையே கூடாது என்பதும் என் கருத்தல்ல. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்திக் கால் வரைக்கும் வலி இறங்குகிறவர்களுக்கு அறுவை விரைவாக ஆறுதல் தரும். நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் முன்னதாகத் தேறினார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்து பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் பின்னர் அறுவைக்குப் போனதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கால் வலி இல்லாமல் இடுப்பு மட்டும் வலிப்பவர்களுக்கு அறுவையின் பலன் இந்த அளவுக்குக்கூட உறுதியில்லை.

பயிற்சியில் எது சிறந்தது என்று கேட்டால், தொடர்ந்து செய்யக்கூடியதே சிறந்தது என்றுதான் ஆய்வுகளைப் படித்தவர் சொல்ல முடியும். பாஸ்டனில் குறைந்த வருமானம் உள்ள 320 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், யோகா வகுப்பு பிசியோதெரபிக்கு இளைத்ததாக இல்லை. ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேரைச் சேர்த்து நடந்த இன்னோர் ஆய்வு 2024-இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் மெல்ல மெல்லக் கூட்டி நடந்தவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக 208 நாள் ஆனது. நடைத்திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாளிலேயே திரும்பிவிட்டது. வீட்டுப் பயிற்சியும் சிக்கலானதல்ல. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பை மெதுவாக உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கவேண்டும். முதல் வாரம் ஐந்து முறையே மூச்சுவாங்கும். பயிற்சியின்போது கொஞ்சம் வலிப்பதால் முதுகு கெட்டுவிடாது என்பதை ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லித் தந்தால்தான் நோயாளி இரண்டாவது வாரமும் செய்வார். இதன் பலன் நடுத்தர அளவே. வலி அடியோடு மறைந்துவிடும் என்று யாரும் வாக்குத் தரக்கூடாது. ஆனால் வேலையும் தூக்கமும் திரும்புவதே பெரிய ஆதாயம்.

‘நாள் முழுக்க உடம்பால் உழைப்பவருக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி?’ இந்தக் கேள்விதான் எஸ்டேட்டில் அதிகம் எழும். தரையில் கிடக்கும் பேலட்டிலிருந்து வார்ப்பு இரும்புப் பாகத்தைக் குனிந்து எடுத்து, அரைச் சுற்றுத் திரும்பி மெஷின் படுக்கையில் ஏற்றுபவர் ஒரே அசைவை ஒரே பக்கமாக நூற்றுக்கணக்கான தடவை செய்கிறார். எப்போது நிறுத்துவது, எவ்வளவு தூக்குவது என்பது அவர் கையில் இல்லை. பயிற்சியில் சுமையும் ஓய்வும் அளவோடு கூடும். தளர்ந்த தசைகளும் வலுப்பெறும். உழைப்பு, பயிற்சிக்கு ஈடாகாது. ஆனால் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அதே பேலட்டுக்கு முன்னால் அவரைத் திருப்பி நிறுத்தினால், குறை தொழிலாளியின் முதுகில்தான் என்று தீர்ப்பு எழுதுகிறோம். பேலட்டை ஒரு ஸ்டாண்டில் ஏற்றி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றலாம். நின்று வேலை செய்பவருக்கு இருக்கை வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி. கடை ஊழியர்களுக்கும் அந்த உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்தது. முதுகுவலிக்கான சிகிச்சையில் இதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

பெல்ட் போட்டால், கரன்ட் வைத்தால் சுகமாகத்தானே இருக்கிறது என்பார்கள். இடுப்பு வலி இயல்பாகவே ஏறி இறங்குவது. வலி உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும், அடுத்து வரும் தணிவு அதன் கணக்கில் சேர்ந்துவிடும். எண்ணெய்த் தேய்ப்பு, தொக்கணம் போன்றவை வலியைத் தற்காலிகமாகத் தணித்து ஒருவரை நடக்க வைத்தால் நல்லதே; நடையைத் தள்ளிப்போட அவை காரணமாகக் கூடாது. உண்மையில் எனக்குக் கவலை தருவது சீட்டில்லாமல் மாதக்கணக்கில் விழுங்கப்படும் வலி மாத்திரைதான். குறுகிய காலத்துக்கு மருத்துவர் சொன்னபடி என்றால் சரி. தொடர்ந்தால் குடல்புண், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று முதுகைவிடப் பெரிய தொல்லைகள் வரும்.

கடைசியில் விஷயம் பணத்திலும் நேரத்திலும் வந்து நிற்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதக்கணக்கில் வாரம் இரண்டு தடவை பிசியோவிடம் போய்வருவதற்கு அது பொருந்துவதில்லை. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி தன் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்துகிறார்கள். சான்றிதழ் பெற்று விடுப்பில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. ஆனால் முதுகுவலிக்காரருக்குத் தேவை வீட்டில் படுத்திருக்கும் விடுப்பல்ல. வேலையில் இருந்துகொண்டே வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பகலில் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். வழியும் நம் கண்முன்னே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. 2023 ஜூனில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை நேரத்தோடு மாலை 4 முதல் 8 மணி வரையும் நடக்கும்படி ஏற்படுத்தப்பட்டவை. அம்பத்தூர் வட்டாரத்தில் உள்ள இந்த மையங்களிலும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் வாரத்துக்கு இரண்டு மாலை ஒரு பிசியோதெரபிஸ்ட்டை அமர்த்துங்கள். அங்கே போய்வரும் நேரத்தைச் சம்பளத்தோடு கூடிய நேரமாக எஸ்டேட் நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.