செல்லுலார் சிறை யாருடைய வரலாறு?

அந்தமான் செல்லுலார் சிறைக்கு நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் சுற்றுலாவாக அழைத்துச் செல்லப்படுகின்றனர். அவர்கள் இறங்கும் விமான நிலையமே சாவர்க்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிறைக்குள் அவருடைய அறை வழிபாட்டுத் தலமாகவே ஆக்கப்பட்டுவிட்டது. செக்கையும் தூக்குமேடையையும் பார்த்துவிட்டு, ஒரு தனிமனிதரின் தியாகக் கதையோடு மாணவர்கள் திரும்புவதுதான் வரலாற்றுக் கல்வியா?

1911இல் அங்கு அடைக்கப்பட்ட சாவர்க்கர் கொடுமைகளை அனுபவித்தார் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், அதே ஆண்டில் அவர் கருணை மனு அளித்ததும், விடுவித்தால் ஆங்கில அரசுக்கு ஊழியம் புரியத் தயார் என்று 1913 மனுவில் உறுதியளித்ததும் ஆவணங்களில் உள்ள உண்மைகள். முன்னதை முழங்கிப் பின்னதை மறைப்பதே சங் பரிவாரத்தின் வழக்கம்.

இதனினும் பெரிய இருட்டடிப்பு ஒன்று உண்டு. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையில், ஒரு கைதி மற்றொருவர் முகத்தைக் காண இயலாதவாறு அறைகள் அமைக்கப்பட்டிருந்தன. மனிதரைத் தனிமைப்படுத்தி முறிப்பதே ஏகாதிபத்தியத்தின் நோக்கம். அந்த நோக்கத்தைக் கூட்டுப் போராட்டத்தால் முறியடித்தவர்கள் 1930களின் புரட்சியாளர்கள். 1933 மே மாத உண்ணாவிரதத்தில், பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர்நீத்தனர். அவர்களது உயிரை விலையாகக் கொடுத்தே அறைகளுக்கு விளக்கும், படிக்க நூல்களும் பெறப்பட்டன.

அந்த வெளிச்சத்தில் மார்க்சியம் கற்றவர்கள், 1935இல் ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்’ என்ற அமைப்பைச் சிறைக்குள்ளேயே உருவாக்கினர். 1937இல் மீண்டும் நடந்த உண்ணாவிரதம், நாடெங்கும் எழுந்த ஆதரவுக் கிளர்ச்சியோடு இணைந்து, அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்ப அரசை நிர்ப்பந்தித்தது. சிட்டகாங் வீரர் கணேஷ் கோஷ் பின்னாளில் நாடாளுமன்றத்தில் மக்கள் குரலாக ஒலித்தார். ஹரேகிருஷ்ண கோனார் மேற்கு வங்க அமைச்சராகி, நிலப்பிரபுக்கள் பதுக்கிய நிலத்தை உழவர்க்கு மீட்டளிக்கும் போராட்டத்தை வழிநடத்தினார். மன்னிப்புக் கோராமல் மீண்டவர்களின் வரலாறு இது.

ஒருவரை மட்டும் உயர்த்தி இவர்களை மறக்கச் செய்வது, போராட்டம் என்பது கூட்டுச் செயல் என்ற பாடத்தையே இளைஞர்களிடமிருந்து பறிப்பதாகும். ஆகவே மாணவர், ஆசிரியர் அரங்கங்களில் பணியாற்றும் தோழர்கள், அந்தமான் செல்லும் மாணவர்களிடம் புறப்படுமுன்பே இவ்வரலாற்றைக் கொண்டு சேர்க்க வேண்டும். சிறை வளாகத்துக் கல்வெட்டுகளில் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களை அவர்கள் நின்று படிக்கட்டும். அப்பெயர்களுக்கு உரியோர் யார், எதற்காகப் போராடினர் என்று கேட்கத் தொடங்கினாலே திரிபுகளின் அடித்தளம் ஆட்டங்காணும்.