நூறு மில்லி ஆயில்



சென்னையில் அடையாறு சிக்னலைத் தாண்டியதும் ஒரு பஸ் ஓரங்கட்டி நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கண்டக்டர் கை காட்டிப் பின்னால் வரும் வண்டியை நிறுத்துவார். ஏற்கெனவே படிக்கட்டு வரை நிறைந்த அந்த வண்டியில் இந்தக் கூட்டமும் ஏற வேண்டும். பெசன்ட் நகருக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சிலர், நேரமாகிவிட்டதே என்று ஷேர் ஆட்டோ பிடிப்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அதில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு காலையில் ஆட்டோவுக்குப் போய்விடும். இன்ஜின் ஆயிலைப் பற்றி ஆசிரியர் பக்கத்தில் எழுத எனக்கு இந்தக் காரணம் போதும்.

டீசல் இன்ஜின் பெரும்பாலும் திடீரென்று படுத்துவிடுவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தேய்மானம் தொடங்கியிருக்கும். தேய்ந்த உலோகத் துகள்களை ஆயில் சுமந்துகொண்டு சுற்றிவரும். அந்த ஆயிலில் நூறு மில்லி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்கே அதில் கொஞ்சத்தை மின்பொறியில் எரிப்பார்கள். ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும். எந்த ஒளி எவ்வளவு என்று அளந்தால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இரும்பு, எத்தனை பங்கு செம்பு என்று எண் கிடைத்துவிடும். ஈயமும் செம்பும் ஏறினால் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். குரோமியம் என்றால் பிஸ்டன் ரிங். சோடியமோ பொட்டாசியமோ தென்பட்டால் ரேடியேட்டர் தண்ணீர் எங்கோ கசிந்து உள்ளே வருகிறது. ஆயிலின் பிசுபிசுப்பு குறைந்திருந்தால், இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்திருக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது சிலிக்கான், அதாவது மண். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக மயிலாப்பூர், மந்தைவெளி, பனகல் பூங்கா பக்கமெல்லாம் தோண்டியதில் எவ்வளவு தூசி பறந்தது என்று நம் ஜன்னல் கம்பிகளைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றைத்தான் பஸ் இன்ஜினும் இழுக்கிறது. ஏர் ஃபில்டரிலிருந்து போகும் ரப்பர் குழாயின் கிளாம்ப் சற்றே தளர்ந்திருந்தாலும் தூசி நேராக உள்ளே போய் லைனரை அரைக்கத் தொடங்கும். வெறும் சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால், புதிதாகப் போட்ட கேஸ்கட் பசையிலிருந்துகூட வந்திருக்கலாம். கூடவே இரும்பும் குரோமியமும் ஏறினால் சந்தேகமே வேண்டாம். அந்த நிலையில் ஒரு கிளாம்பை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. தெரியாமல் விட்டால் இன்ஜினை முழுவதுமாகக் கழற்றவேண்டி வரும்.

ஓடிய கிலோமீட்டரை மட்டும் வைத்து ஆயில் மாற்றுவதில் ஒரு குறை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டியும், தி. நகர் உஸ்மான் சாலையில் உறுமிக்கொண்டே நிற்கும் வண்டியும் ஒரே கிலோமீட்டர் காட்டலாம். ஆனால் நெரிசலில் நின்ற வண்டியின் இன்ஜின் எத்தனையோ மணி நேரம் கூடுதலாக ஓடியிருக்கும். அதன் ஆயிலில் கரியும் அதிகம் சேர்ந்திருக்கும். எந்த வண்டிக்கு இப்போதே மாற்ற வேண்டும், எது இன்னும் சில நாள் தாங்கும் என்று ஆயிலைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

இது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1940களிலேயே டீசல் இன்ஜின்களின் பழைய ஆயிலை இப்படிச் சோதிக்கத் தொடங்கியது. நம் இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்களிலும் இது பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை. ஸ்பெயினில் வாலென்சியா நகரப் பேருந்துகளின் ஆயிலை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தினரே ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

கருவியைவிடப் பெரிய விஷயம், ஆயிலை எடுக்கும் கை. வண்டி ஓடி வந்த சூட்டிலேயே எடுக்க வேண்டும். ஆறினால் துகள் அடியில் தங்கிவிடும். வடியவிட்டு எடுத்தால் முதல் ஒழுக்கும் கடைசி ஒழுக்கும் ஆகாது. குப்பி சுத்தமாக இருக்க வேண்டும். வண்டி எண், கிலோமீட்டர், கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, இடையில் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பதெல்லாம் அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். அந்த இடைக்கணக்கை எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. புது ஆயில் கலந்ததில் இரும்பின் அளவு நீர்த்துப்போய், சிக்கலில் இருக்கும் இன்ஜினும் நல்ல இன்ஜின் போலத் தெரியும். ஒரு தடவை வந்த எண்ணை வைத்தும் முடிவு கட்டக் கூடாது. அதே வண்டியின் போன முறை எண்களோடு ஒப்பிட்டால்தான் பொருள் விளங்கும். இன்னொன்று, இந்த முறையில் மிக நுண்ணிய துகள்தான் சிக்கும். கண்ணுக்குத் தெரியும் சில்லுகளுக்கு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

டெப்போவுக்கு ஒரு கருவி தேவையில்லை, ஊருக்கு ஓர் ஆய்வகம் போதும். 1959இல் தொடங்கிய ஐஐடி அடையாறை ஒட்டியே இருக்கிறது. சாலைப் போக்குவரத்து நிறுவனம் தரமணியில் இருக்கிறது. படிப்பும் பஸ்ஸும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த ஊர்கள் அதிகம் இல்லை. அறிக்கை அதிகாரியின் மேஜையோடு நின்றுவிடாமல், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் டெப்போ மெக்கானிக்கின் கைக்கு அன்றே போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

மின்சாரப் பேருந்துகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 வண்டிகள் புறப்பட்டபோது எனக்கும் மகிழ்ச்சிதான். அவற்றுக்கு இன்ஜின் ஆயிலே வேண்டாம். ஆனால் இன்று காலை உங்களை ஏற்றிச் சென்றது டீசல் வண்டியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு இன்னும் பல ஆண்டு உழைப்பு மீதி இருக்கிறது.

டெப்போக்களிலும் ரயில்வே ஷெட்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் வாசகர்களில் இருப்பீர்கள். ஆயிலை விரலில் தொட்டும், முகர்ந்தும், பிளாட்டிங் பேப்பரில் ஒரு சொட்டு விட்டும் நீங்கள் கண்டுபிடித்த கோளாறுகளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். கையெழுத்தில் எழுதி அனுப்பினாலும் சரி. அடுத்த இதழில் அவற்றுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்