உடைஞ்ச ஆக்சிலைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க!

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவர் ஒருவரின் கருத்து)



ரேஸ் கார் என்றதும் நம் கண்முன் நிற்பது எஞ்சின்தான். கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட் என்று ஹாஸ்டலில் விடிய விடியப் பேசுவோம். அந்த எஞ்சினின் சக்தியைச் சக்கரம்வரை சுமந்துபோகிற ஆக்சில் ஷாஃப்ட்டைப் பற்றி என்றைக்காவது பேசியிருக்கிறோமா? அது உடைந்த அன்றைக்குத்தான் பேசுவோம். அதுவும் ஒரே வசனம்தான்: "இதைவிடத் தடியா, இதைவிட ஹார்டா ஒண்ணு போட்டுடு மச்சி!"

இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலும் சரி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகும் சரி, நம் ஊர் அமெச்சூர்கள் பலர் ஓட்டியது ரோட்டுக் காரைப் பிரித்து மேய்ந்து செய்த வண்டிகளைத்தான். கோவை கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் காரில்கூட உள்ளே இருந்தது நம் மாருதி 800 எஞ்சின்தானே! ரோட்டுக்குக் கணக்குப் போட்ட பாகத்தை ரேஸுக்குக் கொண்டுபோவதில் தப்பில்லை. ஆனால் எந்தக் கணக்கு மாறிப்போச்சு என்று தெரிய வேண்டாமா?

ஒரு உதாரணத்துக்கு எஞ்சின் டார்க் 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் 3.4, ஃபைனல் டிரைவ் 4. பெருக்கினால் 1,360. இரண்டு பக்கமும் பிரிந்தால் ஷாஃப்ட்டுக்கு 680. சரி, டயர் எவ்வளவு தாங்கும்? சக்கரத்தின் மேல் 2,500 நியூட்டன் பாரம், ஆரம் 0.28 மீட்டர், ரோட்டு டயரின் பிடிப்பு 0.8 என்றால் 560-தான். அதாவது ஷாஃப்ட்டுக்கு 680 வந்து சேருமுன்னே டயர் வழுக்கிவிடும். இத்தனை நாளும் டயர்தான் ஃபியூஸ்! இப்போது ஆசைப்பட்டு ரேஸ் டயர் போடுகிறோம். பிடிப்பு 1.2 ஆனால் டயர் 840 வரை தாங்கும். டயர் இனி வழுக்காது. எஞ்சினின் முழு டார்க்கும் ஷாஃப்ட் தலையில்தான். ஸ்டார்ட்டில் கிளட்ச்சைப் படாரென்று விட்டால் ஃபிளைவீலின் வேகமும் சேர்ந்து அதற்கு மேலேயே ஏறும். எஞ்சினில் கையே வைக்காத வண்டியில் ஷாஃப்ட் உடைகிறதே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

"அப்போ தடியா போடறதுதானே சரி?" என்பீர்கள். எஸ்.ஓ.எம். பேப்பரில் அரியர் வைத்தவர்களும் கொஞ்சம் கேளுங்கள். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும். 25 மில்லிமீட்டரை 28 ஆக்கினால் வலிமை 40 சதவீதம் கூடும், உண்மைதான். ஆனால் நடுத்தண்டு மட்டும்தானே தடிக்கிறது! முனையில் இருக்கும் ஸ்ப்ளைன், டிஃபரன்ஷியல் கியரின் ஓட்டைக்குள் போயாக வேண்டும். அது பழைய அளவேதான். தண்டு தடித்து விறைத்துப் போனதால், முன்பு நீளம் முழுக்க முறுக்கிக்கொடுத்து வாங்கிய அதிர்ச்சியை இப்போது ஸ்ப்ளைன் அடி ஒன்றே வாங்குகிறது. விவரம் தெரிந்தவர்கள் நேர் எதிராகச் செய்வார்கள். நடுத்தண்டை ஸ்ப்ளைன் பல்லடி விட்டத்துக்கு, அல்லது ஒரு மயிரிழை கீழே இறக்கி, சேருமிடத்தில் நல்ல வளைவு கொடுப்பார்கள். உலோகத்தை எடுத்துவிட்டு ஆயுளைக் கூட்டுவது! இது கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

ஹார்டாகப் போடுகிற கதை இன்னும் மோசம். ஈ.என். 8 ஆனாலும் ஈ.என். 24 ஆனாலும் விறைப்புக் குணகம் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 80 கிகா பாஸ்கல். பேர் பெத்த ஸ்டீல் என்பதால் முறுக்கு குறையாது. அது தருவது, நிரந்தரமாக முறுகிப்போகாமல் அதிக பாரம் தாங்கும் குணம். அதுவும் ஹீட் டிரீட்மென்ட் ஒழுங்காக நடந்தால்தான்.

ஆகவே புதிதாக வாங்குவதற்கு முன்னே உடைந்ததைப் பாருங்கள். ஒரு சாக்பீஸை இரு கையால் முறுக்கி உடையுங்கள். 45 டிகிரியில் திருகலாக உடையும். ஷாஃப்ட்டும் அப்படித் திருகி, சுத்தமாக, கொஞ்சமும் நெளியாமல் உடைந்திருந்தால் பெரும்பாலும் அது மொறுமொறுவென்று ஆகிவிட்ட ஸ்டீல். அதற்குப் போய் இன்னும் ஹார்டாகக் கேட்பீர்களா? குறுக்கே தட்டையாக உடைந்து, ஸ்ப்ளைன் பல்லெல்லாம் கை முறுக்கு மாதிரி சுற்றியிருந்தால் பாரம் மிஞ்சிவிட்டது. அதற்கு வலுவான ஷாஃப்ட் நியாயம். உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி தெரிந்தால் அது களைப்பு முறிவு. விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது. கோடுகள் தொடங்கும் இடத்தைத் தேடினால் ஒரு துருப்பள்ளமோ, லேத் டூல் கீறலோ, சர்க்ளிப் காடியோ அகப்படும். அங்கே எமரி போட்டு வழவழப்பாக்கியிருந்தால் அந்தப் பழைய ஷாஃப்ட்டே இன்னும் ஓடியிருக்கும்.

சிலர், "ஆக்சில் உடையட்டும், கியர்பாக்ஸ் பிழைக்கட்டும்" என்பார்கள். முன்சக்கர டிரைவ் வண்டியில் அதில் ஞாயம் உண்டு. சக்கரம் ஹப் பேரிங்கில் நிற்கிறது, வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். ஆனால் பின்புறம் செமி ஃப்ளோட்டிங் ஆக்சில் உள்ள வண்டியில் ஷாஃப்ட்டேதான் சக்கரத்தையும் சுமக்கிறது. பேரிங்குக்கு வெளியே உடைந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று ஓடும். ஓடும் வழியில் கொடி பிடித்து நிற்பவன் யார்? வாலண்டியராகப் போன நம்ம பசங்கதான்! லாரியின் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் இந்தப் பயமில்லை. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாஃப்ட்டை உருவலாம். செமி ஃப்ளோட்டிங்கில் மிச்சம் பிடிக்க நினைப்பவனோடு நான் பேசவே தயாரில்லை.

எஸ்டீம் 2007-இலும் மாருதி 800 2014-இலும் உற்பத்தி நின்றுபோயின. ஆகவே புதுப்பேட்டைக்கு நாம் போய்த்தான் ஆகணும். போங்கள். துருப்பள்ளம் இல்லாத ஒரிஜினலை எடுத்து, நம்ம லேபிலேயே சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் அடித்து விரிசல் பாருங்கள். இரண்டு ஷாஃப்ட்டை வெட்டி வெல்டு வைத்து "நீளம் சரி பண்ணித் தர்றேன்" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். மாட்டும்போது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டுக்கும் கையால் தூக்கி இறக்குங்கள். உள்பக்க ஜாயின்ட் எங்கேயும் இடிக்கக் கூடாது, நழுவி வெளியே வரவும் கூடாது.

நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஒர்க்‌ஷாப் மூலையில் ஒரு ஷெல்ஃப் வேண்டும். உடைகிற ஒவ்வொரு ஷாஃப்ட்டும் எடைக்குப் போகாமல் அங்கே வரட்டும். எந்த வண்டி, எந்தப் பக்கம், என்ன டயர், எத்தனை ஓட்டம் என்று ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுவோம். உடைந்த முகத்தில் மட்டும் கிரீஸ் தடவி வையுங்கள், துரு ஏறினால் கோடுகள் போய்விடும்.