களத்தில் எதை விரித்துப் படுக்கிறோம்?

நெல் அறுத்துக் களத்தில் கிடந்தால் யாராவது ஒருத்தர் காவலுக்குப் படுத்தே ஆகணும். பயிற்சி முகாமுக்குப் போனாலும் பாதி நாள் மரத்தடிதான் படுக்கை. ஆனா எதை விரிச்சுப் படுக்கிறதுன்னு நாம பேசிக்கிறதே இல்லை.

எனக்கு வீடு தாம்பரம். நிலம் படப்பைப் பக்கம். மூணு வருஷம் முன்னாடி முகாமுக்காக ஒரு நுரை விரிப்பு வாங்கினேன். படுத்தா முதுகெல்லாம் வியர்வை. இரண்டாவது கோடையிலேயே வெயிலில் பொடிஞ்சு உதிர ஆரம்பிச்சது. ஒரு பிடி உப்பு உரம் போடாத நிலத்தில் பிளாஸ்டிக்கை நானே தூவிட்டேன்.

அப்பத்தான் அப்பாவின் ஹோல்டால் ஞாபகம் வந்தது. தாம்பரத்தில் ரயில் ஏறும்போது போர்வை, தலையணையைக் கித்தான் துணியில் வைத்துச் சுருட்டி, வாரால் கட்டித் தூக்கிப் போவார். பல வருஷம் உழைச்ச சாமான் அது. அதே மாதிரி ஒன்றை, லாரிப் படுதா தைக்கிறவரிடம் சொல்லித் தைத்துக்கொண்டேன். பருத்திக் கித்தான், ஏழடி நீளம், மூன்றரை அடி அகலம். தலைமாட்டில் ஒரு பை; மாற்றுத்துணியைத் திணித்தால் அதுவே தலையணை. கட்ட இரண்டு நாடா. மேலே ஒரு கோரைப்பாய். கிழிஞ்சா ஒட்டுப் போடலாம், கடைசியில் மக்கி மண்ணாகும்.

துணி வாங்கும்போது ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் எரியுற வாசனையோட சாம்பலாகும். உருகி உருண்டையானா அது பிளாஸ்டிக் நூல்.

குறையும் உண்டு. நனைஞ்சா கனக்கும். ஈரத்தோட சுருட்டினா பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவச்சுத்தான் கட்டணும்.

ஆனா எந்தத் துணியும் பாம்பைத் தடுக்காது. கட்டுவிரியன் இரவில் இரை தேடும். தரையில் தூங்குகிறவர்கள்தான் அதனிடம் அதிகம் கடிபடுகிறார்கள். கடிச்சது பல நேரம் வலிக்காது. பிறகு வயிற்றுவலி வரும், கண் இமை சொருகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்கும் நான்கு வகைப் பாம்புகளில் இதுவும் ஒன்று. அந்த விஷத்தை வைத்துத்தான் முறிவு மருந்து தயாராகிறது. மருந்து இருக்கு, நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரணும். மந்திரிக்கப் போய் நேரத்தை விட்டுடாதீங்க.

அதனால முதல் இடம் கயிற்றுக் கட்டிலுக்கு. கட்டில் இல்லைன்னா, கொசுவலையின் நாலு ஓரத்தையும் கித்தானுக்கு அடியில் நல்லா செருகிட்டுப் படுங்க. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வேண்டாம். எலி வர்ற இடத்துக்குப் பாம்பும் வரும். கைக்கெட்டுற தூரத்தில் டார்ச் இருக்கட்டும்.

முகாம் நடத்துற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டும் டம்ளரும் கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழில் போடுறோம். அதோட துணி விரிப்பு, கொசுவலைன்னு இன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க. வலை இல்லாம வர்றவங்களைத் திண்ணையிலோ கட்டிலிலோ படுக்க வைங்க.